34 வாரத்தில் குழந்தை ‘ப்ரீச்’: பிரசவம் வரை என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

கேள்வி: முதல் பிரசவம், இப்போது 34-வது வாரம். ஸ்கேனில் குழந்தை ‘ப்ரீச்’, அதாவது தலை மேலே, பிட்டமோ காலோ கீழே என்று போட்டிருக்கிறது. டாக்டர் சிசேரியனுக்குத் தயாராக இருக்கச் சொல்கிறார். வீட்டில், தெரிந்த ஆயாவை வைத்து எண்ணெய் போட்டு நீவினால் திரும்பிவிடும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்:

34 வாரத்தில் இரண்டுமே அவசரப்படுவதுதான். ஆயா வேண்டவே வேண்டாம். சிசேரியன் தேவைப்படலாம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டிய வாரம் இது இல்லை.

28-வது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குத் தலை மேலேதான் இருக்கும். பிரசவ நாள் நெருங்கும்போது அது 100-க்கு 3 அல்லது 4 ஆகக் குறைந்துவிடுகிறது. நடுவில் உள்ள வாரங்களில் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடுகின்றன என்பதுதான் இதன் பொருள். 36 வாரத்துக்குப் பிறகு இடம் குறைந்துவிடும். முதல் பிரசவக்காரர்களுக்கு அதன் பின் தானாகத் திரும்பும் வாய்ப்பு சுமார் 8% மட்டுமே. முன்பே குழந்தை பெற்றவர்களுக்கு வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் கடைசி வாரத்தில்கூடத் திரும்புவதுண்டு.

ஆகவே 36-வது வாரம்தான் உங்களுக்கு முக்கியம். அந்த வாரம் ஸ்கேன் பார்த்து, இன்னும் ப்ரீச்தான் என்றால் அன்றே மூன்று வழிகளையும் டாக்டரிடம் பேசிவிட வேண்டும்: வெளியிலிருந்து கையால் திருப்புவது, திட்டமிட்ட சிசேரியன், ப்ரீச்சாகவே சுகப்பிரசவம். நடைமுறையில் அடிக்கடி நடப்பது வேறு. 34-ல் பயம், 36-ல் “பார்க்கலாம்”, 37-ல் “இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்”, அதற்குப் பிறகு நேராக ஆபரேஷன் தேதி. திருப்பிப் பார்க்கும் வழி என்று ஒன்று இருப்பதே பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

வாரக் கணக்கு சரியா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தேதி சரியாக நினைவில்லாதவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் தேதிதான் நம்பகமானது. இப்போதைய ஸ்கேனில் குழந்தையின் அளவை வைத்து வாரத்தைச் சொன்னால் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும். 36-ஆ 38-ஆ என்பதைப் பொறுத்து இங்கே முடிவே மாறும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ப்ரீச்’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்த வகை ப்ரீச் என்று கேளுங்கள். கால்கள் முழங்காலில் மடங்காமல் நேராக நீண்டு, பாதம் முகத்தருகே இருந்தால் அது ஃபிராங்க் ப்ரீச், அல்லது எக்ஸ்டென்டெட் ப்ரீச். பிரசவ நேரத்தில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகைதான். சம்மணம் போட்டதுபோல் கால் மடங்கியிருந்தால் கம்ப்ளீட் ப்ரீச். ஒரு காலோ இரண்டுமோ பிட்டத்துக்கும் கீழே தொங்கினால் ஃபுட்லிங். இந்த வேறுபாட்டில்தான் பாதி ஆபத்துக் கணக்கு இருக்கிறது. ஃபிராங்க் ப்ரீச்சில் பிட்டம் கருப்பை வாயை நன்றாக அடைத்துக்கொள்வதால், பனிக்குடம் உடைந்தாலும் தொப்புள்கொடி முன்னால் நழுவி வருவது 200-ல் ஒருவருக்கு என்ற அளவில்தான். கம்ப்ளீட்டில் அது 4 முதல் 6%. ஃபுட்லிங்கில் 15% தாண்டும், ஏனென்றால் ஒரு பாதம் எதையும் அடைக்காது.

அதே ரிப்போர்ட்டில் இன்னும் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: நஞ்சு (பிளசென்டா) எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குட நீரின் அளவு, குழந்தையின் எடை மதிப்பீடு, கழுத்து நிமிர்ந்திருக்கிறதா குனிந்திருக்கிறதா. முதல் மூன்றும் வழக்கமாக இருக்கும். கடைசியைக் கேட்டால்தான் எழுதுவார்கள். குழந்தை அண்ணாந்து பார்த்த நிலையில் இருந்தால் சுகப்பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்படும். கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்று போட்டிருந்தால் பதற வேண்டாம். தலை கீழே இருக்கும் குழந்தைகளிலும் அது சாதாரணமாகப் பார்ப்பதுதான். அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

ஏன் திரும்பவில்லை? பெரும்பாலும் காரணமே கிடைக்காது. கிடைக்கும்போது அவை இவைதான்: நஞ்சு கருப்பையின் கீழ்ப்பகுதியில் ஒட்டி தலைக்கு இடம் விடாமல் இருப்பது, கருப்பைக்குள் தடுப்புச் சுவர் அல்லது இரட்டைக் கொம்பு வடிவம், கீழ்ப்பகுதியில் ஃபைப்ராய்டு கட்டி, நீர் மிகக் குறைவு அல்லது மிக அதிகம், இரட்டைக் குழந்தை, அரிதாகக் குழந்தையின் தலையிலோ தசை நரம்பிலோ உள்ள குறை. 20-வது வார அனாமலி ஸ்கேனை ஒழுங்காக எடுத்திருந்தால் இவற்றில் பல அப்போதே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை என்றால் 36-ல் பார்க்கும் ஸ்கேனை விரிவாகவே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒருக்களித்துப் படுத்ததோ, மாடிப்படி ஏறியதோ, வண்டியில் போனதோ காரணம் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெளியிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக, உருண்டையாக ஒன்று முட்டிக்கொண்டு, அழுத்தினால் அசைந்து கொடுப்பது தலை. உதை அடிவயிற்றில், சிறுநீர்ப்பை பக்கம் விழும். இதயத் துடிப்பு தொப்புளுக்கு மேலே நன்றாகக் கேட்கும். ஆனால் ஃபிராங்க் ப்ரீச்சில் பிட்டம் கெட்டியாக உள்ளே இறங்கியிருந்தால் அனுபவமுள்ள கைக்கே தலைபோலத் தோன்றும். உதையும் மேலேதான் தெரியும், ஏனென்றால் பாதம் மேலே இருக்கிறது. அதனால் 36 வாரத்தில் கையால் பார்த்துவிட்டு “தலை கீழேதான்” என்று சொன்னாலும், சந்தேகம் இருந்தால் ஒரு நிமிட ஸ்கேன் கேட்பதில் தவறில்லை.

இனி வீட்டு வைத்தியங்கள். முழங்காலும் மார்பும் தரையில் பட, இடுப்பு உயர்ந்திருக்கும்படி 10–15 நிமிடம் இருப்பது பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். அதனால் குழந்தை கூடுதலாகத் திரும்புகிறது என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை. கெடுதலும் பெரிதாக இல்லை. பி.பி. அதிகம், தலைசுற்றல், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் தவிர்த்து, மற்றவர்கள் விரும்பினால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம். சீன மருத்துவத்தில் 33–35 வாரங்களில் காலின் சுண்டுவிரல் நகத்தோரம் மூலிகைத் திரியால் சூடு காட்டும் மாக்சிபஸ்டன் என்ற முறை உண்டு. சில ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. முறையாகப் பழகியவர் இல்லாமல் ஊதுபத்தியை வைத்து வீட்டில் முயன்றால் மிஞ்சுவது தீப்புண்தான். ஹோமியோபதியில் பல்சட்டிலா கொடுப்பது, வயிற்றின் மேல் ஐஸ் வைப்பது, அடிவயிற்றில் பாட்டுப் போடுவது, டார்ச் அடிப்பது, இவற்றில் எதற்கும் ஆதாரம் இல்லை.

விளக்கெண்ணெய் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. வலி வரட்டும் என்று குடிக்கக் கொடுப்பார்கள். ப்ரீச் உள்ள ஒருவருக்கு வலியைக் கிளப்பிவிடுவது, திருப்ப இருந்த வாய்ப்பையும் கெடுத்து, நேரங்கெட்ட நேரத்தில் பனிக்குடம் உடைய வழிசெய்வது. வேண்டாம்.

நீவிவிடுவதில் என்ன ஆபத்து? மருத்துவமனையிலும் கையால்தானே திருப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். கை ஒன்றுதான், சுற்றியிருப்பது வேறு. நஞ்சு எந்தப் பக்கம் என்று ஆயாவுக்குத் தெரியாது. அழுத்தத்தில் நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால் ரத்தம் உள்ளேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டுகூட வராமல் இருக்கலாம். குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்தால் வீட்டில் அதைக் காட்டும் கருவி இல்லை, விழுந்தது தெரிந்தாலும் 20 நிமிடத்தில் ஆபரேஷன் செய்ய ஆளில்லை. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: குழந்தையின் ரத்தம் உங்கள் ரத்தத்தில் கலந்துவிடலாம்.

மருத்துவமனையில் செய்வதற்குப் பெயர் எக்ஸ்டர்னல் கெஃபாலிக் வெர்ஷன், சுருக்கமாக ஈ.சி.வி. இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு கல்லூரியின் 2017 வழிகாட்டி முதல் பிரசவத்துக்கு 36 வாரம் முடிந்ததும், அடுத்த பிரசவங்களுக்கு 37 வாரம் முடிந்ததும் இதைச் செய்யலாம் என்கிறது. அமெரிக்காவில் எல்லோருக்குமே 37. இதற்கு முன்பே செய்தால் இரண்டு தொல்லை: திரும்பிய குழந்தை மறுபடி பழைய நிலைக்கே போய்விடலாம், ஏதாவது ஆகி உடனே பிரசவிக்க நேர்ந்தால் குழந்தை குறைமாதமாக இருக்கும்.

எல்லோருக்கும் செய்ய முடியாது. நஞ்சு கீழே மூடியிருந்தால், கடந்த ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், இதயத் துடிப்புப் பதிவு சரியில்லை என்றால், கருப்பை வடிவத்தில் பெரிய குறை இருந்தால், அல்லது வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன்தான் என்றால் செய்வதில்லை. நீர் குறைவு, கட்டுக்கடங்காத பி.பி., வளர்ச்சி குறைந்து, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனிலும் மாற்றம் உள்ள குழந்தை என்றால் பெரும்பாலான டாக்டர்கள் தவிர்ப்பார்கள். முன்பு ஒரு சிசேரியன் ஆனவருக்குக் கூடவே கூடாது என்ற பழைய எண்ணம் இப்போது தளர்ந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

அன்று நடப்பது இப்படி. சில மணி நேரம் வெறும் வயிறாக வரச் சொல்வார்கள். மறுபடி ஸ்கேன், ஏனென்றால் வந்த வழியிலேயே திரும்பியிருக்கலாம். 20–30 நிமிடம் சி.டி.ஜி. பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், நிறைந்த சிறுநீர்ப்பை பிட்டம் மேலே ஏறுவதற்குத் தடை. கருப்பை தளர டெர்பியூட்டலின் 250 மைக்ரோகிராம் தோலுக்கடியில் ஊசி. போட்ட சில நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது மருந்தின் வேலை, அரைமணி ஒருமணியில் அடங்கிவிடும். இதய நோயோ, கட்டுப்படாத தைராய்டோ, சர்க்கரையோ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கால்பக்கம் சற்று உயர்த்தி, உடலை லேசாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். வயிற்றில் ஜெல் தடவி, முதலில் ஒரு கையால் பிட்டத்தை இடுப்புக் குழியிலிருந்து மேலே எடுப்பார்கள். எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிட்டம் கிளம்பி வந்துவிட்டால் மற்றது எளிது, கிளம்பவில்லை என்றால் தலையை எவ்வளவு தள்ளினாலும் பயன் இல்லை. பிட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கியதும், இன்னொரு கை தலையின் பிடரிப் பக்கத்தைப் பிடித்து, தாடை நெஞ்சோடு ஒட்டியபடியே குழந்தையை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வைப்பதுபோல் மெல்லச் சுற்றும். முன்பக்கம் வரவில்லை என்றால் ஒருமுறை பின்பக்கமாக முயல்வார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். மொத்தமாகக் கை வைக்கும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வலிக்கும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். “போதும்” என்று நீங்கள் சொன்னால் நிறுத்த வேண்டும். வயிற்றை இறுக்கி மூச்சைப் பிடித்தால் வேலை கெடும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விடுவது மட்டும்தான் உங்கள் பங்கு.

வெற்றி மொத்தத்தில் பாதிக்குப் பாதி. முதல் பிரசவத்தில் சுமார் 40%, அடுத்தடுத்த பிரசவங்களில் 60%. பிட்டம் இன்னும் இறங்காமல் இருப்பது, நீர் போதுமான அளவு இருப்பது, நஞ்சு பின்சுவரில் இருப்பது, தலை கைக்குத் தெளிவாக அகப்படுவது, கருப்பை தளர்வாக இருப்பது எல்லாம் சாதகம். ஃபிராங்க் ப்ரீச் கொஞ்சம் பாதகம், நீண்ட கால்கள் முதுகுக்குச் சிம்பு கட்டியதுபோல் நின்று உடலை வளைய விடாது. முதல் முறை முடியாதபோது முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து இன்னொரு முறை முயலும் இடங்களும் உண்டு. திரும்பிய குழந்தை மீண்டும் ப்ரீச் ஆவது 100-க்கு 3 பேருக்குத்தான்.

ஆபத்து? முயற்சியின்போது துடிப்பு சற்றுக் குறைந்து, கையை எடுத்ததும் சரியாவது அடிக்கடி நடக்கும், அது பொருட்டில்லை. சரியாகாமல் போய் 24 மணி நேரத்துக்குள் அவசர சிசேரியன் தேவைப்படுவது 200-ல் ஒருவருக்கு. இதனால்தான் ஆபரேஷன் தியேட்டர் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. முடிந்த பிறகு மீண்டும் அரைமணி நேரமாவது சி.டி.ஜி. ரத்த வகை நெகட்டிவ் என்றால், திரும்பியதோ இல்லையோ, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுப்பது) 300 மைக்ரோகிராம் போட வேண்டும். 28-வது வாரத்தில் போட்டது இதற்குப் பதிலாகாது. வீட்டுக்குப் போன பின் ரத்தம், நீர் கசிவு, விடாத வயிற்று வலி, அசைவு குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே திரும்பி வாருங்கள். வயிறு ஒருநாள் தொட்டால் வலிப்பது மட்டும் இயல்பு.

தமிழ்நாட்டில் எல்லா மருத்துவமனையிலும் இது கிடைக்காது. நேரம் பிடிக்கும் வேலை, பழகிய கை வேண்டும், பல தனியார் மருத்துவமனைகளில் பேச்சே எழாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ, 24 மணி நேரமும் தியேட்டரும் மயக்க மருத்துவரும் உள்ள சீமாங் மையங்களிலோ கேட்டுப் பாருங்கள். உங்கள் டாக்டரிடம் “நீங்கள் ஈ.சி.வி. செய்வீர்களா, இல்லை என்றால் செய்பவரிடம் எழுதிக் கொடுப்பீர்களா” என்று 35-வது வாரத்திலேயே கேட்டுவிட்டால், தேடி அலைய ஒரு வாரம் கையில் இருக்கும்.

திரும்பவில்லை, அல்லது முயல வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். அடுத்தது சிசேரியனா, சுகப்பிரசவமா? 2000-ம் ஆண்டு கனடாவின் டொரன்டோவிலிருந்து நடத்தப்பட்டு லான்செட் இதழில் வந்த ‘டெர்ம் ப்ரீச் ட்ரையல்’ இந்தக் கேள்வியின் போக்கையே மாற்றியது. 26 நாடுகளில் 2,088 பெண்கள். குழந்தை இறப்போ கடும் பாதிப்போ சிசேரியன் பிரிவில் 1.6%, சுகப்பிரசவப் பிரிவில் 5%. உலகம் முழுவதும் லேபர் வார்டுகள் சிசேரியன் பக்கம் சாய்ந்துவிட்டன. அதன்பின் வந்த இரண்டு விஷயங்கள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதே குழந்தைகளை இரண்டு வயதில் பார்த்தபோது இறப்பிலும் வளர்ச்சியிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. 2006-ல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 8,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ‘பிரிமோடா’ ஆய்வில், ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பழகிய கைகள் பிரசவம் பார்த்தபோது கடும் பாதிப்பு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது.

ராயல் கல்லூரியின் 2017 வழிகாட்டி கொடுக்கும் கணக்கு இது: பிரசவத்தையொட்டிக் குழந்தை இறப்பது 39 வாரத்துக்குப் பிந்தைய திட்டமிட்ட சிசேரியனில் 1,000-க்கு 0.5, திட்டமிட்ட ப்ரீச் சுகப்பிரசவத்தில் 2, தலை கீழே உள்ள சாதாரணப் பிரசவத்தில் 1. எல்லாமே சிறிய எண்கள்தான். ஆனால் அந்த 2 என்பது பழகிய கைகள் உள்ள இடத்துக் கணக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் படித்து வந்த பல டாக்டர்கள் ப்ரீச் பிரசவத்தைப் பொம்மையில் மட்டுமே செய்து பார்த்திருப்பார்கள். முதல் பிரசவம், பக்கத்தில் அனுபவமுள்ளவர் இல்லை என்றால், திட்டமிட்ட சிசேரியன்தான் நியாயமான தேர்வு என்பது என் கருத்து. அதற்காகக் குற்றவுணர்ச்சி கொள்ள ஒன்றும் இல்லை.

சுகப்பிரசவம் பார்க்கலாம் என்பதற்கான தகுதிகள் கறாரானவை: ஃபிராங்க் அல்லது கம்ப்ளீட் ப்ரீச், எடை மதிப்பீடு ஏறக்குறைய இரண்டரைக்கும் 3.8 கிலோவுக்கும் இடையில், தலை குனிந்த நிலை, தானாக வந்த வலி, வலி தொடங்கியபின் தங்குதடையில்லாத முன்னேற்றம், தயாராக உள்ள தியேட்டர், ப்ரீச் பார்த்துப் பழகிய டாக்டர், குழந்தை மருத்துவர். ஒன்று குறைந்தாலும் விட்டுவிட வேண்டும்.

ஏன் இத்தனை நிபந்தனை? சாதாரணப் பிரசவத்தில் பெரிய பகுதியான தலை முதலில் வருகிறது. அது வந்தால் மற்றது வந்துவிடும். ப்ரீச்சில் சிறியது முன்னால், பெரியது கடைசியில். தலை மணிக்கணக்கில் அழுந்தி இடுப்புக் குழிக்கு ஏற்ப வடிவம் மாறும் வாய்ப்பு இங்கே இல்லை. உடல் தொப்புள்வரை வெளியே வந்ததிலிருந்து கொடி நசுங்கத் தொடங்கும், அதன்பின் நிமிடங்கள்தான். இந்த நேரத்தில் பதறிப்போய் இழுப்பதுதான் மிகப் பெரிய தவறு. இழுத்தால் குழந்தையின் கைகள் மேலே போய்த் தலைக்குப் பின்னால் மாட்டும், தாடை நெஞ்சை விட்டு நிமிர்ந்து தலை இன்னும் அகலமாகச் சிக்கும். அதனால்தான் “கையை எடு, பார்த்துக்கொண்டிரு” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். முதுகு மேல்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, தாயின் முக்கலிலேயே தோள்பட்டைவரை வரவிட்டு, கை மாட்டினால் மட்டும் இடுப்பைப் பிடித்துச் சுழற்றி இறக்கி, தலையைக் குனிய வைத்து எடுப்பார்கள். குறைமாதக் குழந்தையில் தலை உடம்பைவிடப் பெரிது. முழுதும் திறக்காத கருப்பை வாய் வழியே உடம்பு நழுவிவந்து, தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் அங்கே அதிகம்.

ப்ரீச் பிரசவத்தின் பிற்பகுதியில் கரும்பச்சையாகப் பசைபோல் குழந்தையின் மலம் வெளிவரும். வயிறு அழுந்துவதால் பிதுங்குவது அது. அதை மட்டும் பார்த்து மூச்சுத்திணறல் என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிசேரியன் என்றால் 39 வாரம் முடிந்தபின் தேதி குறிப்பது நல்லது. 37, 38-ல் எடுத்தால் சில குழந்தைகளுக்கு மூச்சு வேகமாக ஓடி ஐ.சி.யு.வில் வைக்க நேரும். நல்ல நேரத்துக்காக ஒரு வாரம் முன்னால் இழுக்க வேண்டாம். ஆபரேஷன் நாள் காலை, தியேட்டருக்குள் போகும் முன் மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு, வயிற்றைத் திறந்தபின் தலை கீழே இருப்பதைப் பார்த்த சம்பவங்கள் உண்டு. திரும்பியிருந்தால் ஆபரேஷனை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ப்ரீச் இருக்கும்வரை, 36 வாரத்திலிருந்து, வீட்டில் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108. சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். தாய் சேய் நல அட்டையும் ஸ்கேன் ஃபைலும் ஒரே பையில் இருக்கட்டும். நீர் போனபின் பிறப்புறுப்பில் கயிறுபோல் வழுவழுப்பாக, துடிப்போடு ஏதாவது தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. உடனே முழங்காலும் மார்பும் தரையில் பட, பின்பக்கம் உயர்ந்த நிலைக்குப் போய்விடுங்கள். கொடியை உள்ளே தள்ளாதீர்கள், தடவிப் பார்க்காதீர்கள், தொட்டால் ரத்தக்குழாய் சுருங்கும். 108-இடம் “கொடி வெளியே வந்திருக்கிறது, குழந்தை ப்ரீச்” என்ற இரண்டையும் சொல்லுங்கள். வண்டியில் இடப்பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்கடியில் இரண்டு தலையணை. வழியிலேயே பிட்டம் வெளியே வந்துவிட்டால், யாரும் இழுக்கக் கூடாது.

குழந்தை பிறந்த பின்னும் ப்ரீச் கணக்கு முடிவதில்லை. ஃபிராங்க் ப்ரீச் குழந்தைகள் சில நாட்கள் காலைத் தூக்கி முகத்தருகே வைத்துக்கொண்டே இருக்கும். பிட்டமும் பிறப்புறுப்பும் சுகப்பிரசவத்தில் வந்திருந்தால் வீங்கிக் கன்றியிருக்கும். இரண்டும் தாமாகச் சரியாகும். சரியாகாமல் போகக்கூடியது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் பந்து குழியில் ஒழுங்காக உட்காராமல் இருப்பது ப்ரீச் குழந்தைகளில் அதிகம், பெண் குழந்தை என்றால் இன்னும் அதிகம். சிசேரியனில் பிறந்தாலும் விதிவிலக்கு இல்லை, ஏனென்றால் காரணம் வயிற்றுக்குள் இருந்த நிலைதான். கடைசி மாதத்தில் ப்ரீச்சாக இருந்து ஈ.சி.வி.யில் திரும்பிய குழந்தைக்கும் இது பொருந்தும். பிறந்தவுடன் டாக்டர் கையால் சோதித்து “நன்றாக இருக்கிறது” என்றாலும், 4 முதல் 6 வாரத்தில் இடுப்புக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடுங்கள். அப்போது தெரிந்தால் சில மாதம் வார் கட்டி வைத்தாலே போதும். நடக்கத் தொடங்கி, காலைச் சாய்த்து நடக்கும்போது தெரிந்தால் ஆபரேஷன்.

அதுவரை, குளிப்பாட்ட வருபவர்கள் இரண்டு காலையும் ஒன்றுசேர்த்து நீட்டி இழுத்துவிடுவதையும், துணியில் காலை நேராக வைத்து இறுகச் சுற்றுவதையும் அனுமதிக்காதீர்கள். நெஞ்சைச் சுற்றலாம், கால்கள் அகன்று மடங்க இடம் வேண்டும். தலை நின்றபின் கால் அகட்டி இடுப்பில் வைத்துத் தூக்கும் நம் பழக்கம் இந்த மூட்டுக்கு நல்லதே.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21-ல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன். முதல் சிசேரியன் ப்ரீச்சுக்காக என்றால், அடுத்த முறை அதே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கர்ப்பத்தில் ப்ரீச் மறுபடி வருவது 10-ல் ஒருவருக்குத்தான். மற்ற ஒன்பது பேரில் பெரும்பாலோர், கருப்பையில் உள்ள தழும்பு கிடைமட்டமாக இருந்து வேறு சிக்கல் இல்லை என்றால், சுகப்பிரசவத்துக்கு முயலலாம். தையல் எந்த வகை என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.